‘அந்த இன்ஸ்பெக்டர் இப்ப என்ன பண்றாரு?’ – டிவி போலீஸ்காரர்களின் பிற்காலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடியில் டிவி பழுது பார்க்கும் கடை வைத்து 35 வருஷம் ஆகிறது. சாலிடேர், டயனோரா காலத்துப் பிக்சர் டியூபில் ஆரம்பித்து இன்று சுவரில் மாட்டும் பேனல் வரைக்கும் வந்தாயிற்று. சரிசெய்த பெட்டியை ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்த்துத்தான் கொடுப்பேன். அதற்கு நான் போடுவது பழைய போலீஸ் சீரியல்கள். இருட்டுச் சந்து, சிவப்பு விளக்கு, காக்கிச் சட்டை மூன்றும் ஒரே காட்சியில் வரும். கலர் சரிபார்க்க அதைவிட வசதியானது வேறில்லை.

காத்திருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? ‘இந்தாளு இப்ப எங்க இருக்காரு?’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். பதில் தெரியாமல் முழித்த காலம் உண்டு. அப்புறம் நானே தேடித்தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். திரும்பத் திரும்ப வாயால் சொல்வதற்கு ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணே, போலீஸ் சீரியல்னா எது எது? கேரட் கடிப்பாரே கரம்சந்த், அதுவும் சேருமா?

சட்டப்படி சேராது. கரம்சந்த் தனியார் துப்பறிவாளர். பியோம்கேஷ் பக்ஷியும் அப்படித்தான். மேலதிகாரியிடம் திட்டு வாங்க வேண்டும், அடையாள அட்டையை நீட்ட வேண்டும், அப்போதுதான் அது போலீஸ் சீரியல். நம் பக்கம் கேட்கப்படுகிறவை இரண்டு: தூர்தர்ஷனில் 1989 முதல் 1991 வரை வந்த ‘உடான்’, சோனியில் வந்த ‘சி.ஐ.டி.’ அமெரிக்கச் சரக்கில் ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ (1981–87), ‘என்.ஒய்.பி.டி. ப்ளூ’ (1993–2005), ‘கொலம்போ’ ஆகியவை என்னிடம் அடிக்கடி ஓடும்.

வேதாரண்யம், கோடியக்கரை பக்கத்து ஆட்கள் எண்பதுகளில் ரூபவாகினி பார்த்து வளர்ந்தவர்கள். மூங்கில் கழியில் ஆன்டெனாவைக் கட்டி இலங்கைப் பக்கம் திருப்பினால் படம் வரும். அவர்கள் கேட்கிற சீரியல் பலவற்றுக்கு அவர்களுக்கே பெயர் ஞாபகம் இல்லை. ‘ஒருத்தன் சிவப்புக் காருல வருவான்’ என்றால் நான் என்ன செய்ய?

சி.ஐ.டி. முடிஞ்சுதா, முடியலையா? ஒரு பதில் சொல்லுங்க.

முடிந்தது, மறுபடி ஆரம்பித்தது. பி.பி. சிங் உருவாக்கிய அந்தத் தொடர் 1998 ஜனவரி 21 அன்று தொடங்கி 2018 அக்டோபர் 27 அன்று நின்றது. மொத்தம் 1547 பாகங்கள். முதல் பாகத்தின்போது பிணத்தைப் பார்த்துப் பயந்து அழுத பக்கத்து வீட்டுக் குழந்தை, கடைசிப் பாகம் வருவதற்குள் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து வைத்துவிட்டது. 2004-ல் 111 நிமிடப் பாகம் ஒன்றை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தார்கள்.

பிறகு 2024 டிசம்பர் 21 அன்று மறுபடி தொடங்கினார்கள். நடுவில் ஆறு வருஷம். அந்த நடிகர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு அந்த ஆறு வருஷத்தில்தான் பதில் இருக்கிறது.

ஏசிபி பிரத்யுமன் செத்துட்டாருன்னு வாட்ஸப்ல வந்துச்சே, நெசமா?

செத்தது கதையில். புதுத் தொடரில் 2025 ஏப்ரலில், சி.ஐ.டி. குழுவின் தலைவரான அந்தப் பாத்திரத்தைக் குண்டுவெடிப்பில் கொன்றார்கள். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அப்புறம் கதையிலேயே அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த வேஷம் போட்ட நடிகர் சிவாஜி சாத்தமுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வாட்ஸப் செய்தியை நம்பி என் கடையில் ஒரு பெரியவர் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

உண்மையில் போய்விட்டவர் அதே தொடரில் ஃப்ரெட்ரிக்ஸ் வேஷம் போட்ட தினேஷ் பட்னிஸ். 2023 டிசம்பர் 5, வயது 57. எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பாரே, அவர்தான். அந்தத் தொடரின் சில பாகங்களுக்கு அவர் கதையும் எழுதியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது.

அவ்வளவு பெரிய ஆளு, சீரியல் முடிஞ்சதும் சிவாஜி சாத்தமுக்கு ஏன் பெருசா ஒண்ணும் வரல?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. அவர் வங்கி ஊழியராக இருந்தவர். வங்கிகளுக்கு இடையே நடக்கும் நாடகப் போட்டியில் மேடை ஏறி, அங்கிருந்து மராத்தி நாடகம், டிவி, சினிமா என்று வந்தார். ‘வாஸ்தவ்’ (1999) படத்தில் சஞ்சய் தத்துக்கு அப்பா அவர்தான். நடிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் தொடர் நின்ற பிறகு வாய்ப்புகள் பெரிதாக வரவில்லை, வந்ததும் போலீஸ் வேஷமாகவே வந்தது, அது அலுத்துவிட்டது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

காரணம் எளிது. 20 வருஷம் வாராவாரம் வீட்டுக்குள் வந்த முகம். அவரை ஒரு படத்தில் அப்பாவாகப் போட்டு, மகன் தப்பு செய்துவிட்டு வந்து நிற்கிற காட்சி வைத்தால், தியேட்டரில் எவனாவது ‘குச் தோ கட்பட் ஹை’ என்று கத்துவான். ‘ஏதோ கோளாறு இருக்கு தயா’ என்று விரலைச் சுழற்றிக்கொண்டு அவர் சொல்லும் வசனம் அது. கத்தினால் காட்சி செத்தது. இயக்குநர்கள் பயப்படுவது அதற்குத்தான். வயதையும் பாருங்கள்: 1950-ல் பிறந்தவர், தொடர் நின்றபோது 68. நம் ஊரில் நிலத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வருகிற வயது.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது ரிமோட் வாங்க வந்திருந்த வடுவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் சொன்னார்: ‘அறுப்பு முடிஞ்சப்பறம் வெதைக்கலாம்னு இருந்தா ஈரம் காஞ்சுபோவும் தம்பி. நிக்கிற பயிருலயே உளுந்தைத் தெளிச்சுடணும்.’ டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நெல் நிற்கிற வயலில் உளுந்தை வீசிவிடுவோம். நெல்லை அறுத்தெடுக்கும்போது கீழே உளுந்து முளைத்திருக்கும். மிச்சமிருக்கிற ஈரத்திலேயே அது வளர்ந்துவிடும். இங்கே எழுதியிருக்கிற கேள்விகளில் பாதிக்கு அவர் சொன்னதுதான் பதில்.

அப்ப அபிஜீத்தும் தயாவும்? அவங்களும் இதே கதைதானா?

இல்லை. அபிஜீத்தாக நடித்த ஆதித்ய ஸ்ரீவாஸ்தவா உளுந்து தெளித்தவர். சி.ஐ.டி. தொடங்கிய அதே 1998-ல் ‘சத்யா’ படத்தில் இன்ஸ்பெக்டராக வந்தார். அனுராக் காஷ்யப்பின் ‘பிளாக் ஃப்ரைடே’ படத்திலோ மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் போலீஸ் தேடுகிற ஆள், பாத்ஷா கான். டிவியில் மற்றவர்களைத் துரத்திக்கொண்டிருந்தவர், சினிமாவில் தானே ஊர் ஊராக ஓடி ஒளிகிறார். தொடர் நின்ற மறு வருஷம் ‘சூப்பர் 30’ படத்தில் வில்லத்தனமான வேஷம். அவரை வெறும் அபிஜீத்தாக மட்டும் பார்க்கிற இயக்குநர் யாரும் இல்லை.

தயா, அதாவது தயானந்த் ஷெட்டி, வேறு வழியில் போனார். அவர் வட்டு எறிதல் வீரர். காலில் அடிபட்ட பிறகு நடிப்புக்கு வந்தவர். சி.ஐ.டி.யில் பூட்டிய கதவுகளை உடைத்தது அந்த உடம்புதான். 2014-ல் ‘சிங்கம் ரிட்டர்ன்ஸ்’ படத்தில் அவருக்குக் கிடைத்த வேஷம் என்ன தெரியுமா? தயா என்ற பெயருள்ள இன்ஸ்பெக்டர். கதவு உடைப்பும் உண்டு. சிலர் கேலி செய்வார்கள். எனக்கு அதில் கேலி தெரியவில்லை. கையில் இருக்கிற சொத்தை விற்றுச் சாப்பிடுவது ஒன்றும் குற்றமில்லை.

உடான்ல வந்த அந்தப் பொண்ணு கல்யாணி சிங், அதுக்கப்புறம் காணவே காணோமே?

கேட்டவர் ஓய்வுபெற்ற பெண் உதவி ஆய்வாளர். 1992-ல் தமிழ்நாட்டில் மகளிர் காவல் நிலையங்கள் வரத் தொடங்கிய சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். இந்தி ஒரு வார்த்தை தெரியாமல், பெரியப்பா வீட்டு டிவியில் அந்தப் பெண் சல்யூட் அடிப்பதைப் பார்த்துத்தான் தன் அப்பாவிடம் சண்டை போட்டு உயரம் அளக்கப் போனாராம்.

கல்யாணி சிங்காக நடித்த கவிதா சௌத்ரிதான் அந்தத் தொடரை எழுதினார், இயக்கவும் செய்தார். கதை அவருடைய அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவுடையது. கிரண் பேடிக்கு அடுத்து ஐ.பி.எஸ். ஆன இரண்டாவது பெண் அவர். 2004-ல் உத்தராகண்டின் டி.ஜி.பி. ஆனார். இந்தியாவில் ஒரு மாநிலத்துக்குப் பெண் டி.ஜி.பி. வந்தது அதுதான் முதல் முறை. கவிதாவைச் சர்ஃப் விளம்பரத்தின் லலிதாஜியாகவும் பார்த்திருப்பீர்கள். பை தூக்கிக்கொண்டு பேரம் பேசுகிற அதே அம்மா.

காணாமல் போனார் என்று சொல்ல முடியாது. நடிப்பைக் குறைத்துக்கொண்டு எழுத்து, இயக்கம் பக்கம் போனார். ‘யுவர் ஆனர்’ என்ற தொடரைத் தூர்தர்ஷனுக்கு எடுத்தார். 2024 பிப்ரவரி 15 அன்று அமிர்தசரஸில் காலமானார். இதைச் சொன்னபோது அந்த உதவி ஆய்வாளர் அம்மா ஒன்றும் பேசவில்லை. ‘செட்டாப் பாக்ஸ் எவ்வளவு?’ என்று கேட்டார்.

ரோஜாவுல அரவிந்த்சாமியைக் கடத்தி வெச்சிருப்பானே, அவன்தான் கரம்சந்தாமே? கதை வுடாதீங்க.

கதை இல்லை, அவரேதான். பங்கஜ் கபூர். 1985-ல் கரம்சந்தாகக் கேரட் கடித்தவர், 1992-ல் ‘ரோஜா’வில் லியாகத். முதல் கேள்வியில் அவரைத் தள்ளிவைத்தேன். இங்கே விதிவிலக்காகச் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒரு பெரிய வேஷத்தைக் கழற்றிப்போட்டவர்களில் அவரைப்போல் இன்னொருவர் கிடையாது. ‘ராக்’, ‘ஏக் டாக்டர் கி மௌத்’, ‘மக்பூல்’ மூன்றுக்கும் தேசிய விருது. 2001-ல் ‘ஆஃபிஸ் ஆஃபிஸ்’ என்று ஒரு தொடர்: அரசு அலுவலகங்களில் மாட்டிக்கொண்டு அலைகிற சாமானியனாக மறுபடி டிவிக்கு வந்து சிரிக்க வைத்தார்.

ஒரு விஷயம் கவனியுங்கள். கரம்சந்த் ஓடியது கொஞ்ச காலம்தான். சிவாஜி சாத்தமுக்கு 20 வருஷம். முகத்தில் ஒட்டின பசை காய்வதற்கு முன்பே பங்கஜ் கபூர் எழுந்து போய்விட்டார். 2007-ல் கரம்சந்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது பழைய சூடு வரவில்லை.

அப்படின்னா நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே வெளிய வந்துடறதுதானே புத்திசாலித்தனம்?

எங்கே போகிறோம் என்று தெரிந்தால்தான். அசுதோஷ் கோவாரிகர் சி.ஐ.டி.யின் ஆரம்பக் காலத்தில் இன்ஸ்பெக்டர் வீரேந்திராவாக நடித்தார். அதற்கு முன்பே இரண்டு படம் இயக்கியவர். விலகிப் போய் 2001-ல் ‘லகான்’ எடுத்தார். அது ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. போகுமிடம் அவருக்குத் தெரிந்திருந்தது.

டேவிட் கரூசோவுக்குத் தெரியவில்லை. 1993-ல் தொடங்கிய ‘என்.ஒய்.பி.டி. ப்ளூ’வில் அவர்தான் நாயகன். முதல் வருஷமே கோல்டன் குளோப் விருது. சம்பளத் தகராறு, சினிமா ஆசை இரண்டும் சேர்ந்தன. இரண்டாவது வருஷத்தின் நாலாவது பாகத்தோடு வெளியேறினார். 1995-ல் வந்த இரண்டு படங்களும் ஓடவில்லை. 1997-ல் வேறொரு தொடர், ஒரே வருஷத்தில் மூடப்பட்டது. கடைசியில் 2002-ல் ‘சி.எஸ்.ஐ. மயாமி’யில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பவும் போலீஸாகத்தான் வந்தார். பத்து வருஷம் ஓடிற்று.

அந்த முதல் தொடரில் அவருக்குத் துணையாக வந்தவர் டென்னிஸ் ஃபிரான்ஸ். தொப்பை, வழுக்கை, முன்கோபம். நாயகன் போன பிறகு தொடரே இவர் தோளில் விழுந்தது. 12 வருஷமும் இருந்து நாலு எம்மி விருது வாங்கினார். 2005-ல் தொடர் முடிந்ததும் நடிப்பிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கரூசோவும் 2012-க்குப் பிறகு நடிக்கவில்லை. ஓடியவரும் நின்றவரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் நடுவில் பட்ட அவமானம் ஒருவருக்கு மட்டும்.

இங்கிலீஷ் சீரியல்ல நடிச்சவங்க மட்டும் எப்படி டைரக்டர் ஆயிடறாங்க?

எல்லாரும் இல்லை, சிலர். ‘ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்’ (1975–79) இருவரில் பால் மைக்கேல் கிளேசர் அந்தத் தொடரின் சில பாகங்களையே இயக்கிப் பழகிக்கொண்டார். 1987-ல் அர்னால்டை வைத்து ‘தி ரன்னிங் மேன்’ எடுத்தார். கூட்டாளி டேவிட் சோல் தொடர் நடக்கும்போதே பாட்டுப் பாடி 1977-ல் அமெரிக்கா, பிரிட்டன் இரண்டு நாட்டிலும் முதலிடத்துக்கு வந்தார். ‘மயாமி வைஸ்’ லெப்டினன்ட் எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ், அந்தத் தொடர் ஓடும்போதே கணக்கு வாத்தியாராக ஒரு படத்தில் நடித்து ஆஸ்கர் பரிந்துரை வாங்கினார். எல்லாம் நிற்கிற பயிரில் தெளித்த உளுந்து.

இதற்கு ஒத்துவராத ஆளும் உண்டு. ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ தொடரில் ரோந்துப் பெண் போலீஸ் லூசி பேட்ஸாக வந்த பெட்டி தாமஸ். இயக்கம் பக்கம் போனது அந்தத் தொடர் முடிந்த பிறகுதான். டிவியில் பழகி, அப்புறம் சினிமா. எடி மர்ஃபியின் ‘டாக்டர் டூலிட்டில்’ (1998) அவர் எடுத்ததுதான். அணில்கள் பாடுகிற இரண்டாவது படமும் (2009) அவருடையதே. உலகம் முழுக்க 40 கோடி டாலருக்கு மேல் வசூல். உங்கள் பேரன் பார்த்த படத்தை எடுத்தது ஒரு பழைய போலீஸ்காரம்மா என்று போய்ச் சொல்லுங்கள்.

அதே தொடரில்தான் டென்னிஸ் ஃபிரான்ஸ் முதலில் ஊழல் போலீஸாக வந்து செத்துப்போய், இரண்டு வருஷம் கழித்து வேறு பெயரில் வேறு போலீஸாகத் திரும்பி வந்தார்.

ஒரே வேஷத்துல காலம் தள்ளினா அப்படி என்ன தப்பு?

தப்பே இல்லை. மெலட்டூர் பாகவத மேளாவைப் பாருங்கள். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி மே மாதம் நடக்கும். நடிகர்கள் பலர் வெளியூரில் உத்தியோகம் பார்ப்பவர்கள். லீவு போட்டு வந்து, வருஷா வருஷம் அதே வேஷம் கட்டிவிட்டுப் போவார்கள். ‘ஏன் எப்போதும் இரணியனே?’ என்று யாரும் கேட்பதில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை இருப்பதால் ஒரே வேஷம் அங்கே பாரமாக இல்லை.

பீட்டர் ஃபால்க் அந்த ரகம். 1968-ல் முதலில் கொலம்போ ஆனார். 1971 முதல் 78 வரை தொடர், 1989-ல் மறுபடி தொடங்கி 2003 வரை. கசங்கிய மழைக்கோட்டு அவருடைய சொந்தக் கோட்டு. இடையில் சினிமாவும் நடித்தார். 1987-ல் ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸின் படத்தில் பீட்டர் ஃபால்க்காகவே வருகிறார். பெர்லின் தெருவில் அவர் நடந்து போக, பையன்கள் ‘கொலம்போ மாதிரி இல்ல?’ என்று பேசிக்கொள்கிறார்கள். ஒட்டின முத்திரையை உரித்துப்போட முயலாமல் அதையே கதைக்குள் கொண்டுபோய்விட்டார். எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்தவர் இவர்தான்.

‘ஹவாய் ஃபைவ்-ஓ’ ஜாக் லார்ட் 12 வருஷம் நடித்துவிட்டு 1980-க்கு அப்புறம் கிட்டத்தட்டக் கடையை மூடிவிட்டார். ஹொனலுலுவிலேயே இருந்தார். படம் வரைவார். அவரும் மனைவியும் காலமான பிறகு சுமார் 4 கோடி டாலர் சொத்து ஹவாயின் தர்ம காரியங்களுக்குப் போனது.

யூடியூப்ல திரும்பத் திரும்பப் போடுறானே, ஒவ்வொரு தடவையும் அவங்களுக்குக் காசு போவுமா?

அமெரிக்காவில் போகும். நடிகர் சங்க ஒப்பந்தப்படி மறு ஒளிபரப்புக்குப் பங்கு உண்டு. 1974-க்குப் பிறகான டிவி ஒப்பந்தங்களில் எத்தனை முறை போட்டாலும் உண்டு. தொகை குறைந்துகொண்டே போகும். சில சென்ட் காசுக்குக்கூட செக் வரும். தபால் தலைக்கு அதைவிட அதிகம். இணையத்தில் ஓடும்போது இந்தப் பங்கு போதவில்லை என்பதும் 2023-ல் அவர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு முக்கியக் காரணம்.

இங்கே நடைமுறை வேறு. நாள் கணக்கில் சம்பளம். மும்பை டிவியில் அதுவும் 90 நாள் கழித்துத்தான் கைக்கு வரும். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, வணிக ரீதியாகப் பயன்படுத்தினால் கலைஞருக்கு ராயல்டி உண்டு என்று எழுதினார்கள். எழுதியிருப்பதும் கைக்கு வருவதும் ஒன்றா? நம் ஊர் நாதஸ்வர வித்வான்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் வாசித்துப் பதிவு செய்த கெட்டிமேளம் இன்றைக்கும் நூறு மண்டபத்தில் ஒலிக்கிறது. வாசித்தவர் வீட்டுக்கு ஒரு தேங்காய்ப் பை வந்திருக்குமா?

போலீஸா நடிச்சு நடிச்சு நெசமாவே போலீஸ் ஆனவங்க உண்டா?

உண்டு. ‘சிப்ஸ்’ (1977–83) தொடரில் மோட்டார் சைக்கிள் போலீஸாக வந்த எரிக் எஸ்ட்ராடா. தொடருக்குப் பிறகு கொஞ்சம் மந்தம். 1993-ல் மெக்சிகோவின் ஸ்பானிஷ் மெகா சீரியல் ஒன்றில் நாயகனாகப் போனார். ஸ்பானிஷ் சரளமாகப் பேச வராது, ஆனாலும் தொடர் பெரிய வெற்றி. பின்னாளில் ரிசர்வ் போலீஸாகப் பயிற்சி முடித்து உறுதிமொழியே எடுத்துக்கொண்டார். நம் ஊர் ஊர்க்காவல் படை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. டென்னிஸ் ஃபரினா 18 வருஷம் சிகாகோவில் நிஜப் போலீஸ். ஒரு படத்துக்கு ஆலோசகராகப் போனவர் நடிகராகிவிட்டார். 1986-ல் ‘கிரைம் ஸ்டோரி’ தொடரின் நாயகன். அவர் வேஷத்துக்காகத் தனியாக நடை பழக வேண்டியிருக்கவில்லை.

நடிப்பே வேணாம்னு வேற வேலைக்குப் போனவங்க?

சி.ஐ.டி.யில் சின்னப் பையன் முகத்தோடு வருவாரே இன்ஸ்பெக்டர் விவேக், அந்த விவேக் மஷ்ரு பெங்களூரில் பல்கலைக்கழகத்தில் கல்விப் பணிக்குப் போய்விட்டார். 2023-ல் யாரோ கண்டுபிடித்து, ஊரெல்லாம் பேசியது. ‘ஐயோ பாவம்’ என்று சிலர் சொன்னார்கள். இதில் என்ன பாவம்? மாசம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலை.

நம்ம தமிழ்ல அந்த மாதிரி வருஷக்கணக்கா ஓடுன போலீஸ் சீரியல் ஏன் ஒண்ணுகூட இல்ல?

என் கணக்கு இது. 1993-ல் சன் டிவி வந்து, 1999-ல் ‘சித்தி’, அப்புறம் ‘மெட்டி ஒலி’ என்று போனபோது தமிழ் டிவியின் தினசரி நேரம் முழுவதும் குடும்பக் கதைக்குப் போய்விட்டது. குடும்ப சீரியலுக்கு ஒரு வீடு எடுத்தால் ஆயிரம் பாகம் ஓட்டலாம். போலீஸ் கதைக்கு வாராவாரம் புது வீடு, புதுப் பிணம், புது விருந்து நடிகர், வெளிப்புறப் படப்பிடிப்பு. செலவு கட்டாது. காக்கிச் சட்டையை சினிமா நாயகர்கள் வேறு குத்தகைக்கு எடுத்திருந்தார்கள்.

இணையத் தொடர் வந்த பிறகு கொஞ்சம் மாறியது. 2022-ல் மட்டும் ‘விலங்கு’, ‘சுழல்’ இரண்டும் வந்தன. ஏழெட்டுப் பாகத்தோடு முடிவதால் யாருக்கும் பசை ஒட்டுவதில்லை. விமலுக்கு ‘விலங்கு’ நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. யாரும் அவரை அதில் வரும் பெயரான பரிதி என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை.

எங்க அக்கா மவன் சென்னையில சீரியல்ல எஸ்.ஐ. வேஷம் கட்டுறான். இன்னும் மூணு மாசத்துல முடிச்சுடுவாங்களாம். என்ன சொல்றது அவனுக்கு?

நீடாமங்கலத்துக்காரர் கேட்டது. நான் யார் சொல்வதற்கு? பெட்டி ரிப்பேர் செய்கிறவன். இருந்தாலும் கேட்டதால் மூன்று சொன்னேன். முதலாவது, தலைமுடி. போலீஸ் கிராப் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கன்டினியூட்டி என்பார்கள். அதனால் தொடர் நடக்கும்போது தாடி வைத்த வேஷம், கிராமத்து வேஷம் எதற்கும் போக முடியாது. கடைசி நாள் படப்பிடிப்பு எப்போது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கே முடி வளர்க்க ஆரம்பிக்கச் சொல்லுங்கள். புது முகத்தோடு போட்டோ எடுத்துக் கொடுக்கட்டும்.

இரண்டாவது, டப்பிங். குரலுக்குச் சீருடை கிடையாது. தெலுங்கிலிருந்தும் இந்தியிலிருந்தும் தமிழுக்கு வருகிற படங்களுக்குக் குரல் வேண்டும். ராத்திரியில் போய்ப் பேசிவிட்டு வரலாம். வடுவூர்க்காரர் சொன்ன உளுந்து இதுதான். மூன்றாவது, பாக்கிச் சம்பளத்தை எழுதி வாங்கிக்கொள்வது. தொடர் முடிந்த பிறகு போன் எடுக்க ஆள் இருக்காது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறப்ப எஸ்.ஐ.ன்னு சொல்லலாமா?’ என்றார். சொல்லக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

உடான் பழைய கேசட் உங்கிட்ட இருக்கா? ஒரு தடவை பாக்கணும்.

இருந்தது. 1990 வாக்கில் ஒரு பாகத்தை வி.சி.ஆரில் பதிவு செய்து வைத்திருந்தேன். என் மச்சான் அதை வெற்று கேசட் என்று நினைத்து, அவர் பையன் காதுகுத்தை அதன்மேல் பதிந்துவிட்டார். பூஞ்சை பிடித்த அந்த நாடாவைப் போன வருஷம் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். பந்தி, மொய், பையன் வீரிட்டு அழுவது, தாய்மாமன் மடி. அப்புறம் ஒரு கோடு ஓடி, படம் குதித்து, இந்தி பேசும் குரல் கேட்கும். மூன்று நிமிஷம் போல மிச்சம் இருக்கிறது. வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன். காதுகுத்து முடியும்வரை கொஞ்சம் பொறுக்க வேண்டும்.